இணையத்தில் கண்டவை

துறை அலுவலகத்திலிருந்து தட்டச்சு இயந்திரம் போய் பதினெட்டு வருடமாகிவிட்டது. தட்டச்சு அக்கா என்ற பெயர் மட்டும் அவளை விட்டுப் போகவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ஒரு பேராசிரியர் சொல்லச் சொல்ல ஏழு பக்கம் கை நிற்காமல் அடித்துக் கொடுத்தாள். கடைசியில், "சார், மூணாவது பக்கத்துல ஒண்ணு சொன்னீங்க, ஆறாவது பக்கத்துல அதுக்கு நேர்மாறா சொல்லிட்டீங்க. ரெண்டுல எதை வச்சுக்கட்டும்?" என்று கேட்டாள். அவர் அசந்து போனார். அன்று விழுந்த பெயர்தான் அது. இப்போது அவளுக்கு ஐம்பத்தொரு வயது. படிக்கிற பிள்ளைகளும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், பாடம் நடத்துகிறவர்களும் அப்படித்தான்.

நுண்ணுயிரியல் துறை அது. முதுகலைப் படிப்புக்கு வருடத்துக்குப் பதின்மூன்று இடம். அதற்கு முந்நூறு விண்ணப்பம் வரும். அத்தனையையும் அச்செடுத்து, நாடா கோத்து, சான்றிதழ் சரிபார்த்து, மதிப்பெண் வரிசையில் பட்டியல் போடுவது அவள் பொறுப்பு. தேர்வுக்குழு கூடும்போது நீள மேசையின் கடைக்கோடியில் உட்கார்ந்து மினிட்ஸ் எழுதுவதும் அவள்தான். யார் என்ன சொன்னார்கள், என்ன முடிவானது என்று எழுதி அங்கேயே வாசித்துக் காட்டுவாள். குழுவின் நான்கு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் பட்டியல் பதிவாளர் அலுவலகத்துக்குப் போகும். இருபத்து நாலு வருடத்தில் அவள் எழுதிய மினிட்ஸில் ஒரு வரியைக்கூட யாரும் அடித்துத் திருத்தியதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

இது நடந்த வருடம் அவளுடைய மகளும் மேல்படிப்புக்கு வேறு ஊர்க் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு சாயங்காலம் சமையலறை வாசலில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, இணையத்தில் போட்டிருந்த தன் படங்களைப் போனில் ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, உங்க கமிட்டில அப்ளிகேஷன் போட்டவங்கள நெட்ல தேடிப் பார்ப்பாங்களா?"

"யாருக்குடி அதுக்கெல்லாம் நேரம்? ஏன் இத படிக்கணும்னு அவங்கவங்க மூணு பக்கம் உருகி உருகி எழுதி அனுப்புறாங்க, அதையே முழுசா படிக்க மாட்டாங்க. ரெண்டாவது பக்கத்துலயே கொட்டாவி வந்துடும்."

"என் ஃபிரெண்டு பார்ப்பாங்கன்னு சொல்றா. இன்னொருத்தி பார்க்கவே மாட்டாங்கன்னு சொல்றா. எதுக்கு வம்புன்னு நான் எல்லாத்தையும் எடுத்துட்டு இருக்கேன்." மகள் போனைத் திருப்பிக் காட்டினாள். விடுதியில் ஒன்பது நாள் தண்ணீர் வராதபோது பிள்ளைகள் எல்லாம் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்ட படம். நடுவில் அவள், தலைக்கு மேலே தண்ணீர் கேட்கும் அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வாய் காது வரை கிழிய. "இதையும் எடுத்துடவா?"

"உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு அக்கா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கமிட்டியைப் பற்றி அவள் சொன்னது அன்றைய தேதிக்கு உண்மைதான்.

துறைக்குப் புதுத் தலைவர் வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. யார் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்பது வரை நினைவில் வைத்து விசாரிப்பார். ஆனால் சூடு கண்டவர். முன்பு இருந்த இடத்தில் ஒரு மாணவன் ஆய்வகத்தைப் பற்றி இணையத்தில் கண்டபடி எழுதிவிட, அவர் மூன்று விசாரணைக் குழுவுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். அதிலிருந்து, ஆளை உள்ளே விடுவதற்கு முன்பே அலசிப் பார்த்துவிட வேண்டும் என்பது அவர் கட்சி.

முந்நூறில் நாற்பது பேரை முதல் சுற்றில் பொறுக்கி எடுத்ததும் அக்காவைக் கூப்பிட்டார்.

"இந்த நாற்பது பேர் பேரையும் ஒவ்வொண்ணா நெட்ல போட்டுப் பாருங்கம்மா. பட்டியல்ல ஒரு கட்டம் கூடுதலா சேர்த்துக்குங்க. 'இணையத்தில் கண்டவை'ன்னு தலைப்பு."

"இது வழக்கமா சார்?"

"எல்லா இடத்துலயும் நடக்குறதுதான். யாரும் வெளிய சொல்றதில்ல, அவ்வளவுதான்."

"எழுத்துல ஒரு உத்தரவு குடுத்தீங்கன்னா..."

"இதுக்கெல்லாமா?" என்று அவர் சிரித்தார். அக்காவும் சிரித்து வைத்தாள். அப்போது சிரித்ததற்காக அவள் பின்னால் தன்னைத்தானே பலமுறை வைதுகொண்டாள்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். அந்த வேலை முதல் நாள் அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. அடுத்த வீட்டு ஜன்னல் திறந்திருந்தால் கண் தானாக அந்தப் பக்கம் போகுமே, அந்த மாதிரி. ஒரு பையன் தன் கல்யாணத்தில் தானே விழுந்து விழுந்து ஆடியிருந்தான். ஒரு பெண் தன் பூனையின் படத்தை மட்டும் இருநூறு போட்டிருந்தாள். பதினோரு பேரைப் பற்றி இணையத்தில் ஒரு எழுத்துகூட இல்லை. சிலருக்கு ஒரே பெயரில் ஐந்து பேர், ஆறு பேர் கிடைத்தார்கள். அதில் எவர் தங்கள் விண்ணப்பதாரர் என்று கண்டுபிடிக்க வழியில்லை. விளையாட்டாகத் தன் பெயரையே போட்டுப் பார்த்தாள். சம்மட்டி எறிதலில் பதக்கம் வாங்கிய ஒரு பெண்மணி தோளும் புஜமுமாக வந்து நின்றாள். பக்கத்து மேசை உதவியாளரைக் கூப்பிட்டுக் காட்டி, "இனிமே என்கிட்ட யாராவது வாலாட்டிப் பாருங்க" என்றாள்.

இரண்டாம் நாள், இருபத்தேழாவது பெயர். முப்பத்து நாலு வயதுப் பெண். பதினோரு வருடம் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் டெக்னீஷியனாக இருந்தவள். மதிப்பெண் வரிசையில் நான்காவது இடம். பெயரைப் போட்டதும் ஒரு காணொளி முன்னால் வந்து விழுந்தது. 'ஆஸ்பத்திரி வாசலில் பெண் ரகளை' என்று யாரோ தலைப்பு வைத்திருந்தார்கள். பச்சை அங்கி, அவிழ்ந்து தொங்கும் கூந்தல், கேட்டுக்கு முன்னால் நின்று தொண்டை கிழியக் கத்துகிறாள். அக்கா அரை நிமிடம் பார்த்தாள். இன்னும் பதின்மூன்று பெயர் பாக்கி இருந்தது. கட்டத்தில் "மருத்துவமனை வாசலில் தகராறு, காணொளி உள்ளது" என்று அடித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனாள்.

நாற்பதில் யார் யாரை நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிடுவது என்று முடிவு செய்யக் குழு கூடியது ஒரு புதன்கிழமை மத்தியானம். தலைவர், ஓய்வுக்கு ஒரு வருடம் இருக்கும் மூத்த பேராசிரியர், இரண்டு வருடம் முன்பு சேர்ந்த புது மேடம், இன்னொரு துறையிலிருந்து வந்த புள்ளியியல்காரர். கடைக்கோடியில் அக்கா. வேலை மளமளவென்று ஓடியது. இருபத்தேழு வந்ததும் தலைவர் திரையில் காணொளியை ஓட விட்டார். இருபது வினாடி ஓடியது. அறை முழுக்க அந்தப் பெண்ணின் குரல். நிறுத்தினார்.

"பேப்பர்ல எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றார். "ஆனா பாருங்க, தகராறு. இவங்கள லேப்ல வச்சு யாரு சமாளிக்கிறது?"

மூத்தவர் உதட்டைப் பிதுக்கினார். புள்ளியியல்காரர், "எதுக்கு வம்பு" என்றார். புது மேடம் ஏதோ சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்டாள்.

"விட்டுடலாம். தகுதி அடிப்படையில் இடமில்லைன்னு எழுதிடுங்கம்மா. அடுத்தது?"

அக்காவுக்கு அந்த ஒரு சொல் காதில் அறைந்தாற்போல இருந்தது. தகராறு. அது அவளுடைய சொல். விண்ணப்பத்தில் எங்கும் இல்லாத சொல். முகம் தெரியாத யாரோ வைத்த தலைப்பிலிருந்து அரை நிமிடத்தில் பொறுக்கி அவள் கட்டத்துக்குள் போட்டது, இப்போது அவர் வாயிலிருந்து தீர்ப்பாக வந்து விழுகிறது. கையில் அந்தப் பெண்ணின் கோப்பு இருந்தது. மற்றவர்கள் இருபத்தெட்டாவது ஆளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, அவள் மேசைக்கு அடியில் பக்கங்களைப் புரட்டினாள்.

மூன்றாவது பக்கத்தில் இருந்தது. ஒரே கையுறையைக் கழுவிக் கழுவி மூன்று நாள் போட்டது. கூட வேலை பார்த்தவளுக்கு ஊசி குத்தித் தொற்று வந்தது. நாலு முறை எழுதிக் கொடுத்தும் பதில் வராததால் ஒரு நாள் வேலை நேரம் முடிந்து வாசலில் நின்று கேட்டது. "இதைப் படம் எடுத்துப் பரப்பியிருக்கிறார்கள். நீங்கள் பார்க்கக்கூடும்" என்றுகூட எழுதியிருந்தாள். கிருமி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு எப்படிப் போகிறது என்பதைத்தான் படிக்க வேண்டும் என்று முடித்திருந்தாள். அவர்கள் திரை போட்டுக் கண்டுபிடித்ததை அவளே தன் கைப்பட எழுதி அனுப்பியிருக்கிறாள். படிக்கத்தான் ஆளில்லை.

நாற்பது பேரும் முடிந்ததும் அக்கா எழுந்து மினிட்ஸை வாசித்தாள். குரலில் ஏற்ற இறக்கம் கிடையாது, எப்போதும் போல. இருபத்தேழு வந்தது.

"விண்ணப்ப எண் இருபத்தேழு. மதிப்பெண் வரிசையில் நான்காவது. துறைத்தலைவரின் வாய்மொழி உத்தரவின்படி இணையத்தில் தேடி எடுக்கப்பட்ட ஆறு நிமிடக் காணொளியில் இருபது வினாடி திரையிடப்பட்டது. விண்ணப்பதாரரை ஆய்வகத்தில் சமாளிப்பது கடினம் என்று தலைவர் கருதினார். உறுப்பினர்கள் மறுக்கவில்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது."

மேசையைச் சுற்றி நான்கு தலையும் நிமிர்ந்தன.

"என்னம்மா இது?" என்றார் தலைவர். "தகுதின்னுல்ல எழுதச் சொன்னேன்?"

"தகுதின்னா மார்க் சார். மார்க்ல அவங்க நாலாவது. நாலாவது ஆளுக்கு எடமில்லைன்னா அவங்களுக்குப் பின்னால இருக்கிறவங்கள எப்படிக் கூப்பிட்டோம்னு பதிவாளர் ஆபீஸ்ல கேப்பாங்க. கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

"இந்த வீடியோ சமாச்சாரம் எல்லாம் மினிட்ஸ்ல வரக்கூடாது."

"நடந்ததுதானே சார்?"

"நடந்ததையெல்லாம் எழுதணுமா?"

"எழுதத்தான் சார் என்னை இங்க உக்கார வச்சிருக்கு."

தலைவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆனாலும் குரலை உயர்த்தவில்லை. "நீங்க கமிட்டி மெம்பர் இல்லம்மா. கருத்து சொல்ற எடத்துல நீங்க இல்ல."

"ஒரு கருத்தும் சொல்லல சார். நீங்க சொன்னதைத்தான் எழுதியிருக்கேன். ஒரு வார்த்தை கூடக்குறைய இருந்தா சொல்லுங்க, இப்பவே திருத்துறேன்." மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "தேடுறது தப்பில்லன்னு நினைச்சா அத எழுதுறதுல என்ன சார் தயக்கம்? எழுத முடியாததுன்னா அத ஏன் சார் செய்யணும்? ஒண்ணு இதுல கையெழுத்துப் போடுங்க. இல்ல, முடிவ மாத்துங்க. பொய்ய மட்டும் என் கையால எழுதச் சொல்லாதீங்க. அது நடக்காது."

மூத்தவர் இருமினார். புள்ளியியல்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். புது மேடம் கையை நீட்டினாள். "அந்தக் கோப்ப இப்படிக் குடுங்க அக்கா."

நின்றபடியே மூன்றாவது பக்கத்தைப் படித்தாள். படித்து முடித்து அதை மூத்தவர் பக்கம் தள்ளினாள். "சார், தகுதின்னு எழுதினாலும் நான் கையெழுத்துப் போட மாட்டேன், இப்படி எழுதினாலும் போட மாட்டேன். அவங்கள இன்டர்வியூவுக்குக் கூப்பிடணும்." மூத்தவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெதுவாகப் படித்தார். "கூப்பிட்டுத்தான் பார்ப்போமே. கேள்வி கேட்டா குறைஞ்சா போயிடுவோம்?" என்றார்.

தலைவர், சரி என்பதுபோல் கையை அசைத்தார். அக்கா கடைசி வாக்கியத்தை மாற்றி, மற்றதையெல்லாம் அப்படியே விட்டு, நான்கு கையெழுத்தும் வாங்கினாள்.

அன்று வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அந்தக் காணொளியை ஆறு நிமிடமும் பார்த்தாள். கத்தல் முதல் ஒரு நிமிடம்தான். அப்புறம் அந்தப் பெண் மூச்சு வாங்கி, ஒரு நாளைக்கு எத்தனை மாதிரி வருகிறது, எத்தனை கையுறை வேண்டும் என்று வகுப்பெடுப்பது போலச் சொல்லிக்கொண்டு போகிறாள். அக்கா மகளைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"அன்னைக்குக் கேட்டியே, தேடுவாங்களான்னு. தேடுறாங்க. தேடிக் குடுத்ததே நான்தான்."

மகள் தன் போனைக் கவிழ்த்து வைத்தாள். "எனக்கும் எங்கயோ ஒரு அக்கா இப்படி உக்காந்து தேடிட்டு இருப்பாங்க, இல்ல?"

"இருப்பா. அவளும் அரை நிமிஷந்தான் பார்ப்பா."

"அப்போ அழிச்சது நல்லதுன்னு சொல்றியா?"

"அழிச்சதால உனக்கு எடம் கிடைக்கலாம். ஆனா தண்ணி கேட்டது குத்தம்னு நீயே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுது பாரு, அதான் எனக்குப் பொறுக்கல."

மகள் அந்த விடுதிப் படத்தை மறுபடி போட்டாள். அம்மா சொன்னதற்காக இல்லை என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொல்லிக்கொண்டே போட்டாள்.

நேர்முகத் தேர்வுக்கு முதல் நாள் அக்காவுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. விடைத்தாள் கிடங்குக்கு. வளாகத்தின் மறுகோடியில், ஜன்னலெல்லாம் கூரையை ஒட்டி இருக்கும் ஒரு கட்டிடம். 'நிர்வாக வசதி கருதி' என்று காரணம் போட்டிருந்தது. அன்றே அவள் பதிவாளருக்கு ஒரு பக்கக் கடிதம் அடித்தாள். "மாற்றலுக்கான உண்மையான காரணத்தை எழுத்தில் தரவும். விண்ணப்பதாரரை இணையத்தில் தேடுவது விதி என்றால் அதைச் சேர்க்கை அறிவிப்பிலேயே வெளியிடவும். விதி இல்லையென்றால் அந்தக் கட்டத்தை நீக்கவும்." ஒரு நகலில் முத்திரை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள்.

நேர்முகத் தேர்வுதான் துறையில் அவளுக்குக் கடைசி நாள். கோப்புகளை எடுத்துக் கொடுக்க உள்ளே ஒரு மூலையில் நின்றிருந்தாள். இருபத்தேழு வந்தது. காணொளியில் பார்த்ததைவிட ஆள் சின்னதாக இருந்தாள். பாடக் கேள்விகளுக்குத் திணறாமல் பதில் சொன்னாள், ஒன்றிரண்டு தெரியவில்லை என்றாள். கடைசியில் தலைவர் கேட்டார், "கூட வேலை செய்றவங்களோட எல்லாம் அனுசரிச்சுப் போவீங்களா?"

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அந்த வீடியோவப் பார்த்துட்டுத்தானே சார் கேக்குறீங்க? அதுக்கப்புறம் மூணு வேலைக்குப் போனேன். மூணு எடத்துலயும் இதே கேள்வி, இதே மாதிரி சுத்தி வளைச்சு. நேராவே கேளுங்க, சொல்றேன்."

தலைவர் பேனாவை உருட்டினார்.

"அத நெட்ல இருந்து எடுக்கச் சொல்லி நான் யாருக்கும் எழுதல சார். எடுக்கவும் விட மாட்டேன். அதுல நான் சொன்னது ஒண்ணுகூடப் பொய் இல்ல."

"கையுறை கிடைச்சுதா?" என்று புது மேடம் கேட்டாள்.

"பதினோரு நாள்ல கிடைச்சுது மேடம். அங்க இருக்கிற எல்லாருக்கும். எனக்கு மட்டும்தான் போட்டுக்க வேலை இல்லாம போச்சு."

அவள் வெளியே வந்ததும் அக்கா பின்னாலேயே வராந்தாவுக்குப் போனாள். சொல்லாமல் விட்டிருக்கலாம். யாரும் கேட்கப்போவதில்லை. ஆனாலும் நிறுத்திச் சொன்னாள். "அந்த வீடியோவ தேடி எடுத்தது நான்தாம்மா. பக்கத்துல 'தகராறு'ன்னு எழுதினதும் நான்தான்."

அந்தப் பெண் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "முழுசா பார்த்தீங்களா?"

"எழுதறப்போ இல்ல. அப்புறம்தான் பார்த்தேன்."

"பார்க்காம எழுதாதீங்க அக்கா" என்றாள். கோபமாகவும் இல்லை, மன்னித்த மாதிரியும் இல்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

பதின்மூன்று பேர் பட்டியலில் அவள் பெயர் வரவில்லை. காத்திருப்போர் வரிசையில் முதலாவதாக வந்தது. தலைவர் விட்டுக்கொடுத்தது அவ்வளவுதான். இரண்டு வாரத்தில், கல்யாணத்தில் ஆடிய அந்தப் பையன் வேறெங்கோ இடம் கிடைத்துப் போய்விட, அந்த இடத்தில் அவள் வந்து சேர்ந்தாள். இதைப் புது மேடம் கிடங்கு வரை நடந்து வந்து அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

மாற்றலுக்கு உண்மைக் காரணம் என்ன என்பதற்கு இன்றுவரை பதில் இல்லை. ஆனால் அடுத்த வருடச் சேர்க்கை அறிவிப்பில் ஒரு வரி புதிதாக ஏறியிருந்தது. "விண்ணப்பத்துடன் இணைக்கப்பட்டவை மட்டுமே பரிசீலிக்கப்படும்." அதைப் பார்த்து அக்கா துள்ளிக் குதிக்கவில்லை. அவரவர் அறையில் அவரவர் போனில் யார் யாரைத் தேடுகிறார்கள் என்று எந்த வரியும் தடுக்க முடியாது என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் இனி தேடுகிறவர் அதை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் தேட வேண்டும். மேசை மேல் வைத்தால் கேட்க ஆளிருக்கிறது.

இதற்கெல்லாம் முன்னால், கிடங்குக்கு வந்த முதல் நாள் அங்கிருந்த மேற்பார்வையாளர் ஒரு பெரிய பதிவேட்டை அவள் முன்னால் தள்ளினார். "பொறுப்பு ஒப்படைப்புதாம்மா. ஆயிரத்து எழுநூறு கட்டு. கீழ ஒரு கையெழுத்து போடுங்க, டீ குடிக்கப் போகலாம்."

அக்கா அண்ணாந்து பார்த்தாள். தரையிலிருந்து கூரை வரை கட்டுக் கட்டாக விடைத்தாள். தூசியில் மூக்கு அரித்தது.

"நீங்க போயிட்டு வாங்க சார். நான் எண்ணிட்டுப் போடுறேன்."

"இத எண்ண நாலு நாள் ஆகும்மா!"

"ஆகட்டும்" என்று சொல்லிவிட்டு, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியை முதல் அலமாரிக்கு நகர்த்தினாள்.